கஞ்சா எண்ணெயில் மருந்து எது, போதை எது?

2024 ஆகஸ்ட் 31 அன்று பொத்தேரியில் மாணவர்கள் தங்கியிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தாம்பரம் மாநகரக் காவல்துறையினர் வீடு வீடாகச் சோதனை நடத்தினார்கள். சிக்கியவற்றில் கஞ்சாவோடு கஞ்சா சாக்லேட்டும் கஞ்சா எண்ணெயும் இருந்தன. சென்னைப் புறநகரில், ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தம் பொத்தேரி. ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய இந்த ஊர்களில் வெளியூர்ப் பிள்ளைகள் ஏராளமானோர் வாடகை அறைகளில் தங்கிப் படிக்கிறார்கள். ‘அது மூலிகைதானே, வெளிநாட்டில் மருந்தாகவே கொடுக்கிறார்களே’ என்ற பேச்சு அவர்களிடம் சுலபமாக எடுபடுகிறது. அந்தப் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. அந்த உண்மையை வேறொரு பொருளுக்குப் பொருத்தி விற்பதுதான் மோசடி.

கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டுகள் எனப்படும் வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன. அவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி. மற்றொன்று கன்னாபிடையால், அதாவது சி.பி.டி. இரண்டிலும் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. ஆனால் டி.எச்.சி.யில் மூடிக்கொண்டிருக்கும் ஒரு வளையம் சி.பி.டி.யில் திறந்திருக்கிறது. இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலமும் அவரோடு பணியாற்றியவர்களும் சி.பி.டி.யின் கட்டமைப்பை 1963இலும் டி.எச்.சி.யின் கட்டமைப்பை 1964இலும் வெளியிட்டார்கள்.

அந்த ஒரு வளையம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. நம் மூளையில் சி.பி.1 என்ற ஏற்பிகள் நிறைந்திருக்கின்றன; நினைவு, அசைவு, பசி, அச்சம் ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகளில் அவை அதிகம். டி.எச்.சி. நேராகப் போய் அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. மிதப்பு, நேரம் நீண்டதுபோன்ற உணர்வு, அடங்காத பசி, படபடப்பு, சிலருக்குக் காரணமில்லாத பயமும் சந்தேகமும் வருவது இதனால்தான். சி.பி.டி. இந்த ஏற்பியை அப்படித் தூண்டுவதில்லை. ஆகவே போதை ஏறுவதில்லை.

சாக்லேட்டாகச் சாப்பிடும்போது ஆபத்தின் தன்மை மாறுகிறது. புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் தெரிவது, தின்றால் தெரிய ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகும். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று இன்னொரு துண்டைத் தின்பவர்கள் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குள் கல்லீரல் டி.எச்.சி.யை அதைவிட வீரியமான இன்னொரு வடிவமாக மாற்றி மூளைக்கு அனுப்பியிருக்கும். அறையில் திருட்டுத்தனமாகச் செய்த சாக்லேட்டில் துண்டுக்கு எத்தனை மில்லிகிராம் என்று செய்தவருக்கே தெரியாது.

மனநோய்க்கும் கஞ்சாவுக்கும் உள்ள தொடர்பை மழுப்பாமல் சொல்ல வேண்டும். 2019இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் ஐரோப்பிய நகரங்களையும் பிரேசிலையும் சேர்த்து ஓர் ஆய்வு வெளியானது. தினமும் கஞ்சா பயன்படுத்துவோரிடம் மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் தோன்றும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகம் என்றது அது. டி.எச்.சி. 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சரக்கைத் தினமும் எடுப்போரிடம் அது ஏறக்குறைய ஐந்து மடங்கு. பதின்பருவத்தில் தொடங்குவோருக்குக் கவலை இன்னும் கூடுதல், ஏனெனில் இருபதுகளின் நடுப்பகுதிவரை மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் டி.எச்.சி. மருந்தே ஆகாதா? ஆகும். புற்றுநோய் சிகிச்சையில் வரும் அடங்காத வாந்திக்கு, ஆய்வகத்தில் செய்த டி.எச்.சி. மாத்திரைக்கு அமெரிக்கா 1985இலேயே அனுமதி கொடுத்தது. தண்டுவட மரப்பு நோயாளிகளின் தசை இறுக்கத்துக்கு, டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஏறத்தாழச் சம அளவில் கலந்த வாய்த்தெளிப்பு மருந்து பல நாடுகளில் உண்டு. இவற்றில் ஒவ்வொரு வேளைக்கும் அளவு துல்லியமாகத் தெரியும்.

சி.பி.டி.யின் கதை நம் நாட்டோடு தொடர்புடையது. 1839இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வில்லியம் ஓஷாக்னசி என்ற மருத்துவர், ஓயாத வலிப்பால் துடித்த கைக்குழந்தைக்குக் கஞ்சாச் சாற்றைக் கொடுத்து வலிப்பு தணிந்ததைப் பதிவுசெய்தார். அந்தச் சாற்றில் என்ன இருந்தது என்று அன்று எவருக்கும் தெரியாது. 179 ஆண்டுகள் கழித்து, 2018 ஜூனில், குழந்தைகளைத் தாக்கும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்குத் தூய சி.பி.டி. மருந்தை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. அதன் அளவைக் கவனியுங்கள்: நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் குறைந்தது 200 மில்லிகிராம். தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, கல்லீரல் பாதிப்பு ஆகியவை வரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையோடுதான் தருகிறார்கள். வேறு வலிப்பு மருந்துகளின் வீரியத்தையும் இது மாற்றும்.

கடையில் கிடைக்கும் கஞ்சா விதை எண்ணெய் இந்த மருந்தல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் கஞ்சாச் செடியின் விதையை உணவாக அனுமதித்தபோது, சி.பி.டி. கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றது. அந்த உச்ச அளவே இருந்தாலும், மேலே சொன்ன குழந்தைக்கு ஒரு நாள் மருந்து கிடைக்க இரண்டரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். ‘வலிப்புக்கு நல்லது’ என்ற விளம்பரத்தை நம்பி நரம்பியல் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

சட்டம் வேறு வழியில் பிரிக்கிறது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் செடியின் பூவையும் பிசினையும் தடைசெய்து, பூ சேராத இலையையும் விதையையும் விட்டுவிடுகிறது. இலையிலிருந்து செய்யும் ஆயுஷ் மருந்துகள் அந்த இடைவெளியில் நிற்பவை. சித்த மருத்துவத்திலும் கஞ்சா நச்சுச் சரக்குப் பட்டியலில்தான் இருக்கிறது, மருத்துவக் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம். தண்டனை எடையைப் பொறுத்தது: சட்டத்தின் கணக்கில் கஞ்சா 1 கிலோவரை ‘சிறு அளவு’. செறிவாக்கிய எண்ணெயோ சரஸ் எனப்படும் பிசின் வகையில் சேர்வதால் வெறும் 100 கிராம்வரைதான். கலவையாக இருந்தால் மொத்த எடையும் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. சாக்லேட் வைத்திருக்கும் மாணவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதே சட்டத்தின் 64ஏ பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: சிறு அளவு வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முழுமையாக முடித்தால், அவர்மீது வழக்கு நடத்தப்படாது. அறையில் தங்கிப் படிக்கும் பிள்ளையிடம் மாற்றம் தெரிந்தால் அடிப்பதற்கும் ஊருக்கு அழைத்துப்போய்ப் பூட்டி வைப்பதற்கும் முன்பு, 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை.