முன்கூட்டித் தெரிந்த நாளை: எதிர்காலக் காட்சித் தொடர்களும் ஊழ் பற்றிய தமிழ்ச் சிந்தனையும்

எதிர்காலத்தின் ஒரு பகுதியை மனிதன் முன்கூட்டியே கண்டுவிட்டால் அது கண்டபடியே நடந்து தீருமா, அல்லது கண்டுகொண்டதே அதை மாற்றுவதற்கான வாய்ப்பாக அமையுமா என்னும் வினா, அறிவியல் புனைவு என்ற இலக்கிய வகை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காப்பியங்களிலும் சமயத் தருக்க நூல்களிலும் எழுப்பப்பட்டது. தொலைக்காட்சி அதே வினாவைத் தவணை முறையில் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஏ.பி.சி. நிறுவனம் 2009 செப்டம்பர் முதல் 2010 மே வரை 22 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘ஃபிளாஷ்ஃபார்வர்ட்’ அவ்வினாவை நேராக எதிர்கொண்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 2004ஆம் ஆண்டில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சிதம்பர ரகசியம்’ நாடி சோதிடத்தை மையமாக வைத்து அதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்திருந்தது. ஒன்றுக்கு இயற்பியலும் மற்றொன்றுக்கு ஓலைச்சுவடியும் கருவிகள் என்றாலும், இரு தொடர்களின் கதைமாந்தரும் மாட்டிக்கொள்ளும் சிக்கல் ஒன்றே.

137 வினாடிகள்

‘ஃபிளாஷ்ஃபார்வர்ட்’ தொடர், கனடிய எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர் 1999இல் வெளியிட்ட அதே பெயருடைய நாவலைத் தழுவியது. அதைத் தொலைக்காட்சிக்கு உருவாக்கியவர்கள் பிரானன் பிராகாவும் டேவிட் எஸ். கோயரும் ஆவர். நாவலில், ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில், அணுவினும் நுண்ணிய துகள்களை மோதவிட்டு ஆராயும் இயந்திரம் இயக்கப்படும் வேளையில், உலக மக்கள் அனைவரும் ஒரே நேரத்தில் நினைவிழந்து, 21 ஆண்டுகளுக்குப் பிந்தைய தங்கள் வாழ்வின் ஒரு துணுக்கைக் காண்கிறார்கள். தொடர் அந்த இடைவெளியைச் சுருக்கிக்கொண்டது: 2009 அக்டோபர் 6 அன்று மனித இனம் முழுவதும் 2 நிமிடம் 17 விநாடி, அதாவது 137 விநாடி, மயங்கிக் கிடக்கிறது; அதற்குள் ஒவ்வொருவரும் 2010 ஏப்ரல் 29ஆம் நாளின் ஒரு காட்சியைத் தம் கண்களாலேயே பார்த்துவிட்டு எழுகிறார்கள். கதை நடக்கும் நாளுக்கும் காணப்பட்ட நாளுக்கும் இடையில் ஏழு மாதங்கூட இல்லை என்பதாலும், தொடர் ஒளிபரப்பாகிய காலமும் ஏறத்தாழ அதே காலம் என்பதாலும், பார்வையாளருக்கும் கதைமாந்தருக்கும் நாட்காட்டி ஒன்றாகவே ஓடியது.

தொடரின் வலிமை அந்தக் காட்சிகள் தனிமனிதரை என்ன செய்கின்றன என்பதில் இருக்கிறது. குடிப்பழக்கத்தை விட்டொழித்த புலனாய்வு அதிகாரி மார்க் பென்ஃபோர்டு, தாம் மறுபடி குடித்துக்கொண்டிருப்பதைக் காண்கிறார். அவர் மனைவி ஒலிவியா, அறிமுகமே இல்லாத வேறொருவருடன் தாம் வாழ்வதைக் காண்கிறார். இறந்துவிட்டாள் என்று நம்பிய மகள் உயிருடன் இருப்பதை ஒரு தந்தை காண, தற்கொலைக்கு முனைந்திருந்த மருத்துவர் ஒருவர் தாம் ஒரு பெண்ணைச் சந்திப்பதைக் கண்டு சாகும் எண்ணத்தைக் கைவிடுகிறார். இன்னொரு அதிகாரியான டெமெட்ரி நோ எதையுமே காணவில்லை. அந்த வெறுமைக்கு, அந்த நாளில் அவர் உயிருடன் இருக்க மாட்டார் என்பதே பொருள் என்று அவர் அறிந்துகொள்கிறார்.

தொடரின் கதைமாந்தருள் தத்துவ நோக்கில் முதன்மையானவர் ஆல் காஃப் என்பவர். தம்மால் ஒரு பெண் உயிரிழக்கப்போகிறாள் என்று தம் காட்சியிலிருந்து உணர்ந்த அவர், அதைத் தடுக்கும் ஒரே உறுதியான வழி தாம் இல்லாமல் போவதே என்று முடிவு செய்து மாடியிலிருந்து குதித்து இறக்கிறார். ஏப்ரல் 29இல் உயிருடன் இருப்பதாகக் கண்ட ஒருவர் அதற்கு முன்பே இறந்துவிட்டதால், கண்டவை நடந்தே தீரும் என்ற நம்பிக்கை ஒரே செயலில் உடைகிறது. சாயரின் நாவலிலும், தம் வாழ்வு தோல்வியில் முடிவதாகக் கண்ட இளைஞர் ஒருவரின் தற்கொலை இதே பணியைச் செய்கிறது. டெமெட்ரி தமக்குக் குறிக்கப்பட்ட மரண நாளைக் கடந்து வாழ்கிறார். மார்க் தம் காட்சியில் கண்ட குடியை நோக்கியே, அக்காட்சி தந்த மன உளைச்சலால், சிறிது சிறிதாகத் தள்ளப்படுகிறார். எதிர்காலத்தைக் கண்டது ஒருவரைக் காக்கிறது, மற்றொருவரைக் கண்ட இடத்துக்கே இழுத்துச் செல்கிறது.

ஓலையில் எழுதிய நாளை

தமிழ்த் தொலைக்காட்சியில் இத்தகைய கதைகளுக்குத் தனி மரபை ஏற்படுத்தியவர்கள் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனும் இயக்குநர் நாகாவும் ஆவர். 1990களில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த ‘மர்மதேசம்’ வரிசையில், கைரேகையைப் பெயரிலேயே தாங்கிய ‘சொர்ண ரேகை’யும் அடங்கும். அதே கூட்டணியின் ‘சிதம்பர ரகசியம்’, நாடி ஓலையில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படும் பலன்களையும் அவற்றை ஐயுறும் பகுத்தறிவையும் எதிரெதிரே நிறுத்தியது. ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் சேவை வழியாகத் தமிழகத் தொடர்கள் மலேசியாவுக்கு வந்து சேர்ந்ததால், பொந்தியான் மாவட்டத்தின் பெக்கான் நானாஸ் போன்ற சிற்றூர்களிலும் இத்தகைய கதைகளுக்குப் பழகிய பார்வையாளர் உருவாயினர்.

நாடி சோதிடம் என்பது, மயிலாடுதுறை மாவட்டத்தின் வைத்தீசுவரன் கோயிலில் பெரிதும் நடைபெறும் ஒரு தொழில். ஆண்களின் வலக்கைப் பெருவிரல் ரேகையும் பெண்களின் இடக்கைப் பெருவிரல் ரேகையும் பெறப்பட்டு, அவற்றுக்குரிய சுவடிக் கட்டு எடுக்கப்படுகிறது. அகத்தியர் முதலிய முனிவர்கள் பாடியவை என்று சொல்லப்படும் செய்யுள்களை ஒவ்வொரு ஓலையாகப் படிக்கும் சோதிடர், பெற்றோர் பெயர், தொழில், உடன்பிறந்தோர் போன்றவற்றைக் குறித்து ஆம் அல்லது இல்லை என்று மட்டும் விடை சொல்லக் கேட்டுக்கொண்டே வந்து, முழுவதும் பொருந்தும் ஓலையை அடைகிறார். ஆம், இல்லை என்னும் இருவகை விடைகளைக் கொண்ட இருபது வினாக்களால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாய்ப்புகளைப் பிரித்தறிய இயலும் என்பது எளிய கணக்கு. ஆகவே கேட்டவரின் விவரங்கள் ஓலையில் இருப்பதற்கும், கேட்கும் முறையிலேயே அவை திரட்டப்படுவதற்கும் இடையில் வேறுபாடு காண்பது அங்கு அமர்ந்திருப்பவருக்கு எளிதாக இருப்பதில்லை.

நாடியின் அமைப்பில் ஊழ் பற்றிய ஒரு முரண் பொதிந்திருக்கிறது. வாழ்க்கைப் பலன்களைக் கூறும் காண்டங்களுக்குப் பின், முற்பிறவி வினைக்குப் பரிகாரம் கூறும் சாந்தி காண்டமும், மந்திர உபதேசம் கூறும் தீட்சை காண்டமும் வருகின்றன. எல்லாம் முன்பே எழுதப்பட்டிருந்தால் பரிகாரத்துக்கு இடமில்லை. பரிகாரத்தால் பலன் மாறுமென்றால் எழுதியது இறுதியானதன்று. விதி உண்டு என்ற நம்பிக்கையும் அதற்கு மாற்று உண்டு என்ற நம்பிக்கையும் ஒரே கட்டில் கோக்கப்பட்டிருப்பதால்தான், மார்க் பென்ஃபோர்டுக்கும் ஆல் காஃபுக்கும் இடையிலான வழக்கு நாடி பார்க்கச் செல்லும் ஒவ்வொருவரின் மனத்திலும் நடக்கிறது.

கனவும் நான்கு இலக்கமும்

எதிர்காலத்தை எட்டிப்பார்க்கும் விருப்பம் மலேசியாவில் நாள்தோறும் வெளிப்படும் இடம், பேச்சு வழக்கில் ‘நாலு நம்பர்’ எனப்படும் குலுக்கல் சீட்டு. 1969இல் அரசால் தொடங்கப்பட்டு 1985இல் தனியார்மயமான ஸ்போர்ட்ஸ் டோட்டோ போன்ற உரிமம் பெற்ற நிறுவனங்கள், முஸ்லிம் அல்லாதோருக்கு இதை நடத்துகின்றன. கனவில் வந்த பொருளையும் விபத்துக்குள்ளான வண்டியின் எண்ணையும் நான்கு இலக்க எண்ணாக மாற்றிக்கொள்வதற்கென்றே பட்டியல் நூல்கள் உண்டு. 0000 முதல் 9999 வரையுள்ள பத்தாயிரம் எண்களில் ஒரு குலுக்கலுக்கு 23 எண்களுக்குப் பரிசு விழுவதால், ஓர் எண்ணுக்கு ஏதேனும் ஒரு பரிசு கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 435இல் ஒன்று. ஆயிரம் பேர் கனவு கண்டு ஆளுக்கொரு வேறுபட்ட எண்ணை வாங்கினால், சராசரியாக இருவருக்கோ மூவருக்கோ அது பலித்தே தீரும். பலித்த இருவரின் கதை ஊர் முழுவதும் பேசப்பட, பலிக்காத மற்ற எல்லோரின் கனவும் மறக்கப்படுவதால், கனவுக்கு எதிர்காலம் தெரியும் என்ற எண்ணம் நிலைபெறுகிறது.

இதற்கு நேர்மாறான முன்னறிவும் அதே மண்ணிலேயே உண்டு. அன்னாசியால் பெயர்பெற்ற பெக்கான் நானாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில், செடி உரிய வளர்ச்சியை எட்டியதும் பூப்பைத் தூண்டும் ஹார்மோன் மருந்து இடப்படுகிறது. அதிலிருந்து ஏறத்தாழ ஐந்து மாதத்தில் காய் முற்றும் என்பதால், சீனப் புத்தாண்டுச் சந்தைக்குப் பழம் வேண்டுமென்றால் மருந்திட வேண்டிய வாரத்தைத் தோட்டக்காரர் பின்னோக்கி எண்ணிக் குறித்துக்கொள்கிறார். காரணம் தெரிந்த முன்னறிவு, விளைவைத் தள்ளிப்போடவோ முன்கொணரவோ அவருக்கு வழிவிடுகிறது. கனவு எண்ணில் காரணம் எதுவும் காட்டப்படாததால், அங்கே மனிதன் காத்திருப்பதைத் தவிர வேறு செய்வதற்கில்லை.

இயற்பியல் என்ன சொல்கிறது

அண்டத்திலுள்ள ஒவ்வொரு துகளின் இருப்பிடத்தையும் அதன்மீது செயல்படும் விசைகளையும் ஒரு கணத்தில் முழுமையாக அறிந்த பேரறிவுக்கு, எதிர்காலமும் கடந்தகாலத்தைப் போலவே வெளிச்சமாகிவிடும் என்று பிரெஞ்சு அறிஞர் லாப்பிளாஸ் 1814இல் எழுதினார். ஒவ்வொரு நிகழ்வும் முந்தைய நிகழ்வுகளால் முற்றாகத் தீர்மானிக்கப்படுகிறது என்னும் இக்கொள்கை நியதிவாதம் எனப்படுகிறது. 1908இல் மின்கோவ்ஸ்கி, ஐன்ஸ்டைனின் சார்பியலுக்கு விளக்கமாக, இடத்தையும் காலத்தையும் ஒரே நான்கு பரிமாண வெளியாகக் காட்டினார்; அப்படிப் பார்க்கும்போது நாளையும் நேற்றைப் போலவே ஏற்கெனவே இருந்துகொண்டிருக்கிறது என்று வாதிட இடமேற்படுகிறது. சாயரின் நாவலில் வரும் இயற்பியலாளர், கண்ட காட்சிகள் மாறாதவை என்று வாதிடுவதற்கு அடிப்படை இதுவே.

எதிர்த்தரப்பில் இரு தடைகள் நிற்கின்றன. ஒரு துகளின் இருப்பிடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்று ஹைசன்பர்க் 1927இல் நிறுவியது, லாப்பிளாஸ் கேட்ட முழு விவரம் எவருக்கும் கிடைக்காது என்பதைக் காட்டியது. 1961இல் வானிலைக் கணிப்பை ஆராய்ந்த எட்வர்ட் லோரன்ஸ், 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கி இட்டபோது, கணினி காட்டிய வானிலை சில மாதங்களுக்குள் முற்றிலும் வேறாகிப்போனதைக் கண்டார். விதிகள் உறுதியானவையாக இருந்தாலும், தொடக்க நிலையின் மிகச் சிறு வேறுபாடு முடிவை முழுதும் மாற்றிவிடக்கூடும். குழப்பக் கோட்பாடு எனப்படும் துறை இதிலிருந்து வளர்ந்தது.

இவற்றோடு சமூகவியல் கூறும் ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வலுவான வங்கி ஒன்று திவாலாகப் போகிறது என்ற பொய்ச் செய்தியை நம்பி எல்லோரும் பணத்தைத் திரும்பப் பெற ஓடினால் அந்த வங்கி மெய்யாகவே திவாலாகிவிடும் என்பதை எடுத்துக்காட்டி, தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் முன்னறிவிப்பு என்ற கருத்தை ராபர்ட் மெர்ட்டன் 1948இல் விளக்கினார். வானிலை அறிக்கையைக் கேட்டு மழை தன் போக்கை மாற்றிக்கொள்வதில்லை, ஆனால் மனிதன் மாற்றிக்கொள்கிறான். எதிர்காலத்தைப் பற்றிய அறிவு மனிதரிடம் சென்று சேர்ந்த அந்த நொடியிலேயே அந்த எதிர்காலத்தை உருவாக்கும் காரணங்களுள் ஒன்றாகிவிடுகிறது.

இளங்கோவின் விடை

தமிழ்ச் சிந்தனையில் நியதிக் கொள்கையைத் தயக்கமின்றி ஏற்றவர்கள் மற்கலியைத் தலைவராகக் கொண்ட ஆசீவகர்கள். மணிமேகலை அவர்கள் கொள்கையைக் கேட்டறியும் பகுதியையும், நீலகேசி அவர்களோடு வாதிடும் பகுதியையும் கொண்டுள்ளன. திருவள்ளுவர் ஊழுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்து அதனினும் வலியது எதுவுமில்லை என்று கூறிவிட்டு, ஆள்வினையுடைமை அதிகாரத்தின் இறுதியில் தளராது முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்கிறார். இவை முரண்படுகின்றனவா என்று உரையாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர்.

முன்னறிவிப்பைக் கேட்ட ஒரு மனிதன் என்ன செய்தான் என்பதற்குத் தமிழில் கிடைக்கும் மிக நுட்பமான எடுத்துக்காட்டு, சிலப்பதிகாரத்தின் இறுதியிலுள்ள வரந்தரு காதையில் இருக்கிறது. சேரன் அவையில் நிமித்திகன், அதாவது குறிகளைக் கொண்டு பலன் சொல்பவன், அரசாளும் இலக்கணம் இளையவனுக்கே உண்டு என்று கூறுகிறான். மூத்தவனாகிய செங்குட்டுவனின் மனவருத்தத்தைப் போக்க, இளையவனாகிய இளங்கோ அப்போதே துறவு பூண்டு குணவாயிற் கோட்டத்தில் அமர்கிறான். நாடாளுதல் என்ற பொருளில் அம்முன்னறிவிப்பு பொய்த்தது. எனினும் காப்பியம் அவனை முடிவில்லாத இன்பத்தை ஆளும் அரசன் என்று போற்றுவதால், வேறொரு பொருளில் அது பலித்தும் விட்டது. இந்நிகழ்ச்சியின் வரலாற்று உண்மை குறித்து ஆய்வாளரிடையே ஐயம் உண்டு என்றாலும், அதன் தருக்கம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது: குறி சொல்லப்படாதிருந்தால் துறவும் நிகழ்ந்திராது.

ஆல் காஃபும் இளங்கோவும் பிறருக்கு நேரும் துன்பத்தைத் தடுக்கவே முன்னறிவைப் பயன்படுத்தினர். ஆனால் முன்னவர் தம் உயிரை விட்டார், பின்னவர் ஓர் உரிமையை விட்டு வாழ்ந்தார். ‘ஃபிளாஷ்ஃபார்வர்ட்’ தன் இறுதிப் பகுதியில் இரண்டாம் மயக்கத்தையும் மேலும் பல காட்சிகளையும் காட்டி, தொடர்ச்சி ஒளிபரப்பப்படாமலேயே நின்றுபோனதால், விதி வென்றதா மனிதன் வென்றானா என்று அது தீர்ப்பளிக்கவில்லை. அத்தீர்ப்பு இல்லாதது பெரிய குறையுமன்று. திரையில் ஒருவர் எதிர்காலத்தைக் காணும்போதும், ஓலையில் ஒருவர் பலன் கேட்கும்போதும், அது நடக்குமா என்பதைக் காட்டிலும், தெரிந்துகொண்டவர் அதன் பேரில் இன்று யாருக்காக எதைச் செய்கிறார், எதை விட்டுக்கொடுக்கிறார் என்று கேட்பதே பயன்தரும் கேள்வி. அதற்கு மட்டுமே மனிதரால் விடை சொல்ல முடியும்.