செவிலியர் ஓவர்டைம்: சம்மதம் கேட்பது யார்?

தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு நவம்பர் 21, 2025 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: தனியார் மருத்துவமனை செவிலியர் இனி ஓவர்டைம் பார்க்க மாட்டேன் என்று சொல்லலாமா?

சட்டப்படி சொல்லலாம். நாளைக்கு 8 மணி நேரம்; அதற்கு மேல் என்றால் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். வார்டில் நடப்பது வேறு. இரவு 8 மணிக்கு வரவேண்டிய ரிலீவர் வரவில்லை. ஒப்படைக்க ஆளில்லாமல் நோயாளிகளை விட்டுப் போகக் கூடாது என்பது செவிலியர் தொழிலின் பாலபாடம். யாரும் உத்தரவு போடுவதில்லை. ‘இன்னிக்கு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா’ என்று போனில் ஒரு குரல், அவ்வளவுதான். போனால் நோயாளியைக் கைவிட்டவர், இருந்தால் சம்மதித்தவர். டியூட்டி ரோஸ்டரில் மட்டும் 8 மணி நேரம் அப்படியே இருக்கும். ஆள் எடுக்காமல் மிச்சம் பிடிப்பதற்கான விலையைச் செவிலியரின் மனசாட்சியிடம் வசூலிக்கும் ஏற்பாடு இது. தெரியாமல் நடப்பதாக நான் நம்பவில்லை.

நியூயார்க் மாநிலம் இந்த முடிச்சைக் கண்டுகொண்டது. 2009 ஜூலை முதல் அங்கே கட்டாய ஓவர்டைமுக்குத் தடை. பேரிடர், பாதியில் நிற்கும் அறுவை சிகிச்சை போன்றவை விதிவிலக்கு. கூடுதல் நேரம் பார்க்க மறுத்தார் என்பதற்காக மட்டும் நோயாளியைக் கைவிட்டதாகக் கருதக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தொகுப்பில் அந்த வரி இல்லை.

ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவில் ஆன் ரோஜர்ஸ் குழு 393 செவிலியரின் பணிக் குறிப்பேடுகளை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட முடிவு: பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் பணியில் தவறு நேரும் வாய்ப்பு 3 மடங்கு. இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகையும் புழக்கத்தில் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். பதினாறாவது மணி நேரத்தில் மூடியின் நிறத்தை யார் இரண்டாம் முறை பார்ப்பார்கள்?

இரட்டிப்பு ஊதியம் கிடைக்குமா? பதிவேட்டில் ஏறிய நேரத்துக்குத்தான். வந்த, போன நேரத்தை நீங்களும் குறித்து வையுங்கள்.

மறுநாள் விடுப்பு தந்தால் போதாதா? நேற்றிரவு ஊசி போட்டுக்கொண்ட நோயாளிக்கு அதனால் பயனில்லை.

‘இன்சார்ஜ்’ சிஸ்டருக்கும் பொருந்துமா? மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் என்றால் அவர் ‘தொழிலாளி’ இல்லை என்கிறது அதே தொகுப்பு. வார்டுக்கு நாலு இன்சார்ஜ் போட நிர்வாகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?