குச்சியை மீண்டும் கையில் எடுத்த பெரியவர்கள்

அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14 அன்று மாலை, கீழ்க்கட்டளை ஏரியை ஒட்டிய தெரு ஒன்றில் ஐந்து பெரியவர்கள் பழைய செய்தித்தாள்களைக் கொளுத்திப் பறை காய்ச்சிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். முழங்கால் வலிக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பறையைத் தோளில் மாட்டினார். இன்னொருவர் தோலை விரலால் தட்டிக் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் காயட்டும்பா" என்றார்.

அவர்கள் ஒன்றாக அடித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் குச்சியைக் கீழே வைத்தார்கள். ஒருவர் அடுக்குமாடிக் காவலாளி ஆனார். ஒருவர் வெள்ளையடிக்கப் போனார். இப்போது அவர்களைத் தேடிப்போய்க் கூப்பிட்டவர்கள் அதே தெருவின் கல்லூரி மாணவர்கள். அவர்களில் இரண்டு பெண்பிள்ளைகளும் உண்டு.

வயதானதால் ஓய்வுபெற்ற கலைஞர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. பறையைக் கீழே வைத்தது ஒரு முடிவு. ஊரில் சாவு விழுந்தால் சேதி சொல்லப் போகவேண்டும், பிணத்துக்கு முன்னால் அடிக்கவேண்டும், களத்தில் கொடுக்கும் மேரை நெல்லை வாங்கிக்கொள்ளவேண்டும் என்பது சாதி விதித்த குடி ஊழியம். மறுத்தால் அடி விழுந்தது, வேலை நின்றது. அதையும் மீறி மறுத்தவர்கள் நம் முன்னோர். காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் எல்.இளையபெருமாள் நடத்திய பறையடிப்பு மறுப்புப் போராட்டத்தை மாணவர்கள் படித்தறிய வேண்டும். பின்னாளில் தீண்டாமை குறித்து ஆராய ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவரும் அவர்தான்.

அப்படி விட்ட பறையை மீண்டும் எடுக்கலாமா? 1990களில் தலித் கலை விழாக்கள் தொடங்கியபோது நமக்குள்ளேயே இந்தக் கேள்வி எழுந்தது. இழிவின் அடையாளத்தை ஏன் சுமக்கவேண்டும் என்றார்கள் சிலர். இழிவு தோலில் இல்லை, அடிக்கச் சொன்னவன் அதிகாரத்தில் இருக்கிறது என்றார்கள் சிலர். கே.ஏ.குணசேகரன் போன்றவர்கள் மக்கள் இசையை மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுபோனார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு, பறை இசைக் கலைஞர் என்ற பெயரிலேயே, பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இந்த இடத்துக்கு வர நெடுங்காலம் ஆனது.

வயதான இசைக்கலைஞர்கள் மீண்டும் கூடியதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு கியூபாவில் இருக்கிறது. தலைநகர் ஹவானாவில் 'புவேனா விஸ்டா சோசியல் கிளப்' என்று ஒரு மன்றம் இருந்தது. நிறத்தால் மனிதர்களைப் பிரித்துவைத்த காலத்தில் கறுப்பின மக்கள் கூடி ஆடிப்பாடிய மன்றம் அது. மன்றம் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்து, 1996இல், அந்தக் காலத்துப் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் தேடிப்பிடித்து அதே பெயரில் ஓர் இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார்கள். பாடகர் இப்ராகிம் ஃபெரர் அப்போது காலணிகளுக்கு மெருகு போட்டுப் பிழைத்துவந்தார். பியானோ கலைஞர் ரூபன் கொன்சாலஸுக்குச் சொந்தமாகப் பியானோ இல்லை. 1998இல் அவர்கள் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் வாசித்தார்கள்.

அவர்களைக் காலம் மறந்தது. நம் பெரியவர்களோ பிள்ளைகளின் மானத்துக்காகத் தங்கள் கலையைத் தாங்களே மறைத்துக்கொண்டார்கள். மறைத்தது கை மறந்துபோவதற்குள் நாம் கேட்டு வாங்கவேண்டும். ஒத்தையடி, சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி என்று அடிவகைகள் பல. இவை ஏட்டில் இல்லை. இடக்கைச் சிண்டுக்குச்சிக்கும் வலக்கை அடிக்குச்சிக்கும் இடையில் இருக்கின்றன. கன்றுத்தோலை வட்டச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டுவதும் ஒரு படிப்புதான். காய்ச்சத் தேவையில்லாத ஃபைபர் பறையோடு பழகிய பிள்ளைகளுக்கு, தோல் எப்போது பேசும் என்று சொல்லித்தர இந்த ஐந்து பேர் போன்றவர்களே மிச்சம்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. நலிந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியமும் உண்டு. ஆனால் கலைஞர் என்பதற்குச் சான்று வேண்டுமே! சாவு வீட்டில் அடித்தவரை யார் படம் எடுத்தார்கள்? யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? அன்று அந்த மாணவர்கள் நல்ல காரியம் ஒன்று செய்தார்கள். ஒவ்வொரு பெரியவரும் அடிப்பதைத் தனித்தனியே படம்பிடித்து, பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பதையெல்லாம் எழுதிவைத்தார்கள். உங்கள் ஊரிலும் ஒரு நோட்டும் ஒரு கைபேசியும் இருந்தால் இதைச் செய்யலாம். விண்ணப்பம் எழுதித் தருவது படித்தவர்கள் கடமை.

நிகழ்ச்சி முடிந்ததும் ஐவருக்கும் சால்வை போட்டு, பேசிய தொகையை உறையில் வைத்துக் கொடுத்தார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து, "சாவுக்கு வருவீங்களா? போன் நம்பர் குடுங்க" என்று கேட்டார். வெள்ளையடிக்கும் பெரியவர் முகம் மாறிவிட்டது. "அதுக்கு வர்றதில்லைங்க" என்றார்.

நாற்காலிக்காரர் பறையை மடியில் கிடத்திக்கொண்டு எங்களிடம் மெதுவாகச் சொன்னார்: "போன வருசம் என் அண்ணன் சாவுக்கு நான் அடிச்சேன். யாரும் கூப்பிடல. நானாத்தான் அடிச்சேன்."

இருவருமே சரி என்றுதான் நமக்குப் படுகிறது.