உங்களுக்குத் தெரியுமா? வெங்கச்சங்கல் முதல் வாக்குப்பதிவு இயந்திரம் வரை

சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்சுமை தோன்றும். அதே படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு நெளியும். இதுதான் அழுத்தமின் விளைவு. எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் பீசோ என்பார்கள். உத்திரமேரூரில் ஒரு நாள் புழங்கினால் இது எங்கெல்லாம் கைக்குத் தட்டுப்படும்?

◆ அடுப்பங்கரை 'டக்'
கேஸ் லைட்டருக்குள் பேட்டரி கிடையாது. பொத்தானை அமுக்க அமுக்க உள்ளே சுருள்வில் இறுகும். ஒரு கட்டத்தில் அது விடுபட்டு, குட்டிச் சுத்தியல் ஒன்றைப் பீங்கான் உருளையின் தலையில் மோதவிடும். அந்த ஒரே அடியில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி நுனியில் பொறி தெறிக்கிறது. ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த அந்தப் பீங்கானுக்கு பி.இசட்.டி. என்று பெயர். அத்தனை வோல்ட் இருந்தும் ஆளைச் சாய்க்காததற்குக் காரணம், பாயும் மின்னோட்டம் மிகச் சொற்பம், பாயும் நேரமும் அப்படியே.

◆ இலங்கையிலிருந்து போன கல்
1700-களின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்கு டூர்மலின் கற்களைக் கொண்டுபோனார்கள். சூடாக்கினால் அந்தக் கல் சாம்பலை இழுத்து ஒட்டிக்கொண்டது. அது மின்சாரத்தின் வேலை என்று 1756-இல் இயற்பியலாளர் ஏப்பினஸ் காட்டினார். சூட்டுக்கு மின்சுமை காட்டும் கல் அழுத்தத்துக்கும் காட்டுமா என்று 1880-இல் பாரிஸில் சோதித்தவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள். தம்பி பியருக்கு அப்போது வயது 21. மறுபக்கம், அதாவது மின்சாரம் கொடுத்தால் படிகம் நெளியும் என்பதை, அடுத்த ஆண்டே இயற்பியலாளர் லிப்மன் கணக்குப் போட்டுச் சொன்னார். சகோதரர்கள் அதையும் செய்து பார்த்து உறுதிசெய்தார்கள்.

◆ சர்க்கரையும் இந்தக் கூட்டம்தான்
கியூரி சகோதரர்கள் சோதித்த பட்டியலில் டூர்மலின், குவார்ட்ஸ், புஷ்பராகம் ஆகியவற்றோடு கரும்புச் சர்க்கரைப் படிகமும் உண்டு. உத்திரமேரூருக்கு அந்தப் பக்கம் படாளம் சர்க்கரை ஆலையிலிருந்து வரும் ஒவ்வொரு பரலும் அழுத்தமின் படிகமே. ஆனால் தண்ணீரில் கரைந்துவிடும் அதை யாரும் கடிகாரத்தில் வைப்பதில்லை.

◆ இருட்டில் உரசிய கல்
வெங்கச்சங்கல் இரண்டை இருட்டில் ஒன்றோடொன்று உரசி, கல்லுக்குள் மஞ்சளாக வெளிச்சம் பரவுவதைப் பார்க்காத கிராமத்துப் பிள்ளை குறைவு. வெங்கச்சங்கல் என்பது குவார்ட்ஸ்தான். திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடத்து மணலிலும் பெரும்பங்கு அதுதான். அப்படியானால் ஆற்றங்கரைக் கல்லை அறுத்துக் கடிகாரம் செய்யலாமா? முடியாது. அது ஒரே படிகம் அல்ல. திசைக்கொன்றாக வளர்ந்த பல படிகங்களின் கட்டி. அழுத்தினால் ஒன்றின் மின்சுமையை மற்றொன்று அழித்துவிடும்.

◆ பட்டு நூலிலும் மின்சாரம்
காஞ்சிப் பட்டுக்கு இன்னொரு பெருமையும் சேரும். பட்டு இழைக்கு அழுத்தமின் குணம் இருப்பதை ஜப்பானின் எய்ச்சி ஃபுகாடா 1956-இல் வெளியிட்டார். மறு ஆண்டு யசுடாவுடன் சேர்ந்து எலும்பிலும் அதையே கண்டார். மரத்தில் அதற்கும் முன்பே கண்டிருந்தார். பட்டில் எழும் மின்சுமை மிகச் சிறியது. சேலை கட்டினால் ஷாக் அடிக்காது.

◆ நெல் மூட்டைத் தராசில் மட்டும் இல்லை
நேரடி நெல் கொள்முதல் நிலையத்து எலெக்ட்ரானிக் தராசு அழுத்தத்தை அளக்கிறதே, அதுவும் பீசோவா? இல்லை. மூட்டையை வைத்த கணத்தில் படிகம் மின்சுமை காட்டும். மூட்டை அசையாமல் இருந்தால் அந்தச் சுமை கசிந்து போய், கொஞ்ச நேரத்தில் எடை பூஜ்யம் என்று ஆகிவிடும். அதனால் தராசுக்குள் இருப்பது நீட்சியை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ். அழுத்தமின் படிகத்துக்கு உகந்த வேலை அதிர்வு, மோதல், ஒலி என்று மாறிக்கொண்டே இருப்பவற்றை அளப்பது.

◆ குடவோலை ஊரில் 'பீப்'
உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, ஆண்டு கி.பி. 919, 921. முப்பது குடும்பு (வார்டு), ஓலையில் பெயர், குடத்தில் இட்டுக் குலுக்கல், சிறுவன் கையால் எடுப்பு என்று விதிகளை வரிசையாகச் சொல்கின்றன. இன்று அதே ஊரின் வாக்குச்சாவடியில் பொத்தானை அமுக்கினால் 'பீ...ப்'. இந்தியாவில் வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலில் 1982-இல் கேரளத்தின் பரவூரில் பயன்பட்டது. அதற்குள்ளிருக்கும் சில்லு ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டலின் துடிப்புக்கு ஏற்பத்தான் வேலை செய்கிறது. பிந்தைய மாடல்கள் எந்தப் பொத்தான் எந்த நேரத்தில் அமுக்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்கின்றன.

◆ 32,768 ஏன்?
சுவர்க் கடிகாரத்தின் பின்பக்கத்தைத் திறந்தால், நெல்மணி நீளத்துக்குச் சற்றுக் குறைய வெள்ளி நிறத்தில் ஓர் உருளையும் அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகளும் தெரியும். உருளைக்குள் காற்று நீக்கிய இடத்தில் குவார்ட்ஸில் வெட்டிய இசைக்கவை ஒன்று நொடிக்கு 32,768 முறை துடிக்கிறது. இந்த எண்ணைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, இப்படி 15 முறை செய்தால் சரியாக 1 வரும். சில்லு செய்வது அந்தப் பாதியாக்கல் மட்டுமே. நொடிக்கு ஒரு துடிப்பு காயிலுக்குப் போகிறது, முள் ஓர் அடி நகர்கிறது.

◆ நாழிகைக் கணக்கு
நம் பழைய நாழிகை 24 நிமிடம். அந்த நேரத்தில் கடிகாரக் கிரிஸ்டல் துடிப்பது 4 கோடியே 71 லட்சத்து 85 ஆயிரத்து 920 முறை. அறுபது நாழிகை கொண்ட ஒரு நாளுக்கு 283 கோடியைத் தாண்டும்.

◆ கத்திரி வெயிலில் கடிகாரம் பின்தங்கும்
இந்த இசைக்கவைகள் சுமார் 25 பாகை செல்சியஸில் சரியாக ஓடும்படி வெட்டப்படுகின்றன. அதைவிடச் சூடு ஏறினாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். தகரக் கொட்டகைத் திண்ணையில் மாட்டிய கடிகாரம் நாள் முழுக்க 40 பாகையில் கிடந்தால் நாளொன்றுக்கு அரை நொடிக்கு மேல் பின்தங்கும். கையில் கட்டிய கடிகாரம் அவ்வளவு தடுமாறாது. உடம்பின் சூடும் காற்றும் சேர்ந்து அதை அதிகம் ஏறி இறங்க விடுவதில்லை.

◆ வலு குறைவு, நிலை அதிகம்
அழுத்தினால் வரும் மின்சுமையில் லைட்டர் பீங்கான் குவார்ட்ஸைவிட நூறு மடங்குக்கு மேல் வலியது. ஆனாலும் நேரம் காட்டக் குவார்ட்ஸைத்தான் அழைக்கிறார்கள். கோயில் மணியை ஒரு தட்டு தட்டினால் கார்வை நீளுமே, அதுபோல ஒரு முறை துடிக்கத் தொடங்கினால் குவார்ட்ஸ் ஆற்றலை எளிதில் இழப்பதில்லை. இதை அளக்கும் தரக்காரணி நல்ல குவார்ட்ஸ் தகடுகளில் பத்து லட்சத்தைத் தாண்டும். பலம் அல்ல, மாறாமைதான் இந்தக் கல்லின் மதிப்பு.

◆ ரேடியோவிலிருந்து மணிக்கட்டுக்கு
குவார்ட்ஸால் அலையியற்றியை (ஆசிலேட்டர்) கட்டுப்படுத்தலாம் என்று 1921-இல் காட்டியவர் அமெரிக்காவின் வால்டர் கேடி. 1927-இல் பெல் ஆய்வகத்தின் மாரிசன் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தைச் செய்தார். அதைக் கையில் கட்ட முடியாது, அறையில்தான் நிறுத்தி வைக்க வேண்டும். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீகோ அஸ்ட்ரான் விற்பனைக்கு வந்தது. விலை 4,50,000 யென். அன்றைக்கு ஒரு காரின் விலை. தமிழ்நாட்டில் டாடா குழுமமும் டிட்கோவும் கைகோத்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஒசூர் ஆலையில் செய்த குவார்ட்ஸ் கடிகாரங்களை 1987-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

◆ தாளளவு கனம்
நொடிக்கு 1.6 கோடி முறை துடிக்கும் கிரிஸ்டல் தகட்டின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர், எழுதும் தாளின் கனம்தான். துடிப்பை இரண்டு மடங்காக்கக் கனத்தைப் பாதியாகத் தேய்க்க வேண்டும். எந்தச் சாய்வில் வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். 1934-இல் பெல் ஆய்வகத்தார் கண்ட சுமார் 35 பாகைச் சாய்வு வெட்டுக்கு அறைச் சூட்டில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. இன்றும் அந்த வெட்டுக்குத்தான் மவுசு.

◆ ஹீலியம் மயக்கம்
2018-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநில மருத்துவமனை ஒன்றில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலிருந்து ஹீலியம் கசிந்தது. அங்கிருந்த சுமார் 40 ஐபோன், ஆப்பிள் வாட்சுகள் செயலிழந்தன. ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், அந்த ஆப்பிள் மாடல்களில் குவார்ட்ஸுக்குப் பதில் சிலிக்கனில் செதுக்கிய நுண் அலையியற்றி இருந்தது. அதன் மூடிய குழிக்குள் ஹீலியம் அணுக்கள் புகுந்து துடிப்பைக் கெடுத்தன. சில நாளில் வாயு வெளியேறியதும் பெரும்பாலானவை தாமே பிழைத்துக்கொண்டன.

◆ எஞ்சினுக்குக் காது
ஒரகடம் பக்கம் கார் கம்பெனி பஸ் ஏறும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். பெட்ரோல் கார் எஞ்சினின் உடம்பில் வளையம் போன்ற நாக் சென்சார் ஒன்று போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். எரிபொருள் தாறுமாறாக வெடித்து எஞ்சின் 'நாக்' அடித்தால், அதற்குள்ளிருக்கும் அழுத்தமின் பீங்கான் அந்த அதிர்வை மின்சாரமாக்கி அனுப்பும். உடனே கணினி தீப்பொறி நேரத்தைக் கொஞ்சம் பின்தள்ளும்.

◆ நீர்மூழ்கியிலிருந்து ஸ்கேனுக்கு
முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க, இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே குவார்ட்ஸை ஒட்டி 1917-இல் காதுக்கு எட்டாத மீயொலி எழுப்பினார் பியர் கியூரியின் மாணவர் லாங்ஜவன். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனும் அதே வழிதான். டாக்டர் வயிற்றில் வைத்து நகர்த்தும் கருவியின் முகப்பில் இருக்கும் பீங்கான் துண்டுகள் ஒலியை அனுப்பி, எதிரொலியையும் தாமே கேட்கின்றன.

◆ ராமன் கண்ட ஒலித் திரை
திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன், நாகேந்திர நாத்துடன் சேர்ந்து 1935-36-இல் பெங்களூரில் ஒரு கோட்பாட்டை வகுத்தார். திரவத்தில் மீயொலி ஓடும்போது குறுக்கே போகும் ஒளி பல கதிர்களாகப் பிரிவது ஏன் என்பது அதன் பொருள். இத்தகைய சோதனைகளில் திரவத்தை அதிரவைத்தது துடிக்கும் குவார்ட்ஸ் தகடு.

◆ கல்பாக்கத்தில் ஒலியால் பார்ப்பார்கள்
கல்பாக்கத்து முன்மாதிரி வேக ஈனுலையில் வெப்பத்தைக் கடத்துவது திரவ சோடியம். அது உருகிய உலோகம், ஒளி புகாது. கேமரா வைத்தால் ஒன்றும் தெரியாது. அதனால் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் சுமார் 200 பாகைச் சூட்டிலும் வேலை செய்யும் மீயொலிக் கருவிகளை உருவாக்கியது. எரிபொருளை மாற்றுமுன் உள்ளே ஏதும் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று சோடியத்துக்குள்ளேயே தடவிப் பார்க்க இவை உதவும்.

◆ கடலடியில் காவல்
2004 சுனாமிக்குப் பிறகு ஐதராபாதில் 2007-இல் எச்சரிக்கை மையம் வந்தது. ஆழ்கடல் தரையில் வைக்கும் சுனாமி அழுத்தமானிகளில் குவார்ட்ஸ் துண்டு ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும். தலைக்கு மேல் தண்ணீர் கூடினால் அழுத்தம் கூடும், துடிப்பு மாறும். பல ஆயிரம் மீட்டர் தண்ணீருக்கு அடியிலிருந்தே மேலே கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்ததைக் கண்டுகொள்ளும் திறன் இந்தக் கருவிகளுக்கு உண்டு.

◆ தூசிக்கும் எடை
மூட்டையை நிறுக்க முடியாத படிகம், தூசியைவிடச் சிறியதை நிறுக்கும். துடிக்கும் குவார்ட்ஸின் மேல் ஏதாவது படிந்தால் துடிப்பு குறையும் என்ற கணக்கை 1959-இல் ஜெர்மனியின் சாவர்பிரே தந்தார். 50 லட்சம் ஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஒரே ஒரு ஹெர்ட்ஸ் குறைந்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 18 நானோகிராம் படிந்திருக்கிறது என்று பொருள்.

◆ கல்லையும் பயிர் செய்வார்கள்
இரண்டாம் உலகப் போர் ரேடியோக்களுக்கான குவார்ட்ஸ் பிரேசில் சுரங்கங்களிலிருந்து போனது. இன்று கடிகாரத்துக்கும் போனுக்கும் வரும் குவார்ட்ஸ் தொழிற்சாலையில் விளைவது. தடித்த எஃகுக் கலத்தில் காரநீரும் குவார்ட்ஸ் துண்டுகளும் இட்டு, சுமார் 350 பாகைச் சூட்டிலும் காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்கு அழுத்தத்திலும் வைப்பார்கள். தொங்கவிட்ட விதைத்தகட்டில் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே படிகம் ஏறும். அறுவடைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். படிகம் வளர்ப்பதில் தமிழ்நாட்டுக்கும் பெயர் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982-இல் படிக வளர்ச்சி மையம் அமைய முன்னின்றவர் பேராசிரியர் பி. ராமசாமி. கரைசலிலிருந்து வேண்டிய ஒரே திசையில் படிகம் வளர்க்க அவரும் கே. சங்கரநாராயணனும் 2005-இல் வெளியிட்ட முறையை உலக ஆய்வாளர்கள் இருவரின் பெயராலேயே எஸ்.ஆர். முறை என்று அழைக்கிறார்கள்.