இரட்டை லென்ஸ் கேமராவுக்கு உயிர் கொடுப்போம்

ஜொகூரின் ஈரக்காற்று பழைய கேமராக்களுக்குப் பகை. பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த ஸ்டீரியோ கேமராவை எடுத்தால், லென்சில் பூஞ்சை படர்ந்திருக்கும், ஷட்டரில் கிரீஸ் இறுகியிருக்கும். இரு லென்சுகளால் ஒரே சமயத்தில் இரு படம் பிடித்து முப்பரிமாணக் காட்சி தரும் கருவி இது. 1947இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் டேவிட் ஒயிட் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'ஸ்டீரியோ ரியலிஸ்ட்' இவற்றில் புகழ்பெற்றது.

ஸ்டீரியோ ரியலிஸ்டைச் சோதிப்பது எளிது. ஃபிலிம் போடாமல் பின்மூடியைத் திறந்து, வேகத்தை ஒரு நொடிக்கு வையுங்கள். முன்புற நெம்புகோலால் ஷட்டரை ஏற்றி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். இரு ஷட்டர்களும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூட வேண்டும். ஒன்று மட்டும் தாமதமாக மூடினால், அந்தப் பக்க ஸ்லைடு வெளிறிவிடும். முப்பரிமாணமாகப் பார்க்கையில் கண் வலிக்கும்.

ஷட்டர் அசையாவிட்டால் உடனே பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். கோடக் ஸ்டீரியோ என்ற மற்றொரு இரட்டை லென்ஸ் கேமராவில் நகரும் ஃபிலிம்தான் பற்சக்கரத்தைச் சுழற்றி ஷட்டரை ஏற்றுகிறது. காலி கேமராவில் அந்தச் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பாருங்கள்.

ஷட்டருக்கு எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தகடுகள் ஒட்டிக்கொள்ளும். அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். சரியானதும் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.