ஆயிரம் லாரித் தண்ணீரில் ஒரு கிராம்!

எங்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் வந்தால் தக்காளி, முட்டைக்கோஸ், பீன்ஸ் தோட்டங்களைப் பார்க்கலாம். ஓசூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணைகளும் உண்டு. செடியில் புழு விழுந்தால் மருந்து அடிப்பார்கள். அதில் கொஞ்சம் மண்ணில் இறங்கும். மழை பெய்தால் ஏரிக்கும் கிணற்றுக்கும் போகும். ஆனால் தண்ணீர் என்னவோ பளிங்கு போலத்தான் இருக்கும்! அதில் மருந்து கலந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்படிக் கண்ணுக்குத் தெரியாததைத் தேடுவதில் ஆண்டுக்கணக்காக ஈடுபட்டிருப்பவர் விஞ்ஞானி தலப்பில் பிரதீப். 1963-ல் கேரளத்தின் பந்தாவூர் கிராமத்தில் பிறந்தவர். தாய், தந்தை இருவரும் பள்ளி ஆசிரியர்கள். (எனக்கு இதில் தனி மகிழ்ச்சி!) தினமும் பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர் நடந்துபோய்ப் படித்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.என்.ஆர்.ராவ் போன்றோரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்கா சென்று திரும்பி, 1993-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார்.

இந்தத் தேடலுக்கு இரண்டு கருவிகள் முக்கியம். முதலாவதைப் புரிந்துகொள்ள ஒரு சாக்பீஸ் போதும். அதன் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதில் சாக்பீஸை நிற்க வையுங்கள். புள்ளி நனையக் கூடாது. தண்ணீர் மெல்ல மேலே ஏற ஏற, கறுப்புக்குள் ஒளிந்திருந்த நிறங்கள் ஒவ்வொன்றாகப் பிரியும்! திருவிழாவுக்குப் போகும்போது கடைக்குக் கடை நிற்பவன் பின்தங்குவான், நிற்காதவன் முன்னே போய்விடுவான் அல்லவா? அதேபோல, சாக்பீஸோடு அதிகம் ஒட்டும் நிறம் கீழேயே நின்றுவிடும். இதற்குப் பெயர் வண்ணப்பிரிகை. நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெட், இலையின் நிறங்களைச் சுண்ணக்கட்டித் தூளில் இப்படித்தான் பிரித்தார். வேடிக்கை என்னவென்றால், ரஷ்ய மொழியில் ‘ஸ்வெட்’ என்றாலே நிறம்தான்! இன்றைய ஆய்வகங்களில் சாக்பீஸுக்குப் பதில், சுருட்டி வைத்த மெல்லிய நீளக் குழாய் இருக்கும்.

பிரிந்து வருவது இன்ன பொருள்தான் என்று அடையாளம் காட்டுவது இரண்டாவது கருவியான நிறை நிறமாலைமானி. களத்தில் ராகி தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உமி தூரப் பறக்கும், மணி காலடியில் விழும். இந்தக் கருவியும் அப்படித்தான். மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, மின்புலத்தாலோ காந்தப்புலத்தாலோ கனத்துக்கு ஏற்பப் பிரிக்கிறது. கனம் தெரிந்தால் ஆள் யார் என்று பிடித்துவிடலாம்.

எவ்வளவு நுட்பம் வேண்டும் தெரியுமா? பாட்டில் குடிநீரில் எந்த ஒரு பூச்சிக்கொல்லியும் லிட்டருக்கு 0.0001 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. கணக்குப் போடுங்கள்: ஒரு கோடி லிட்டருக்கு ஒரே ஒரு கிராம்! பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி ஆயிரத்தை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஒரு கிராம் கலந்தால் எவ்வளவோ, அவ்வளவுதான்.

கண்டுபிடித்தால் போதுமா, நீக்க வேண்டாமா? 2003-ல் பிரதீப் குழுவினர் ஓர் அதிசயத்தை வெளியிட்டார்கள். மிக மிகச் சிறிய வெள்ளித் துகள்கள், குளோரின் உள்ள சில வேதிப்பொருள்களை உடைத்துவிடுகின்றன. குளோரின் வெள்ளியோடு சேர்ந்துகொள்கிறது, கார்பன் தனியே கரியாக நிற்கிறது. கட்டியான வெள்ளி இதைச் செய்யாது; உங்கள் பாட்டியின் கொலுசைத் தண்ணீரில் போட்டுப் பயனில்லை! இந்த வழியில் பூச்சிக்கொல்லியை அகற்றும் வடிகட்டி 2007-ல் கடைக்கு வந்தது. பின்னர் ஆர்சனிக் நஞ்சை நீக்கும் ‘அம்ரித்’ முறையையும் உருவாக்கினார்கள். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2014-ல் வந்த ஆய்வு. நிறை நிறமாலைமானிக்குள் மூலக்கூறுகளை மின்னூட்டத்தோடு அனுப்ப, வழக்கமாக ஆயிரக்கணக்கான வோல்ட் தேவைப்படும். பிரதீப்பும் அமெரிக்காவின் கிரஹாம் குக்ஸும் கார்பன் நானோகுழாய்கள் பூசிய காகிதத் துண்டில் வெறும் 3 வோல்ட்டில் அதைச் செய்து காட்டினார்கள். இரண்டு டார்ச் செல் போதும்! கருவிக்குள் வெற்றிடம் வேண்டும், அதற்கான பம்பு கனமானது. அதையும் சிறியதாக்க உலகெங்கும் முயன்று வருகிறார்கள். அது கைகூடினால், தக்காளியையும் தண்ணீரையும் நகரத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். கருவியே நம் வரப்புக்கு வந்துவிடும்.