மீன்கள் கூறும் சாட்சியம்

ஒரு பொருள் விஷமா, அல்லவா என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? அதைச் செய்து விற்கும் முதலாளிக்கா? அதைப் பரிசோதிக்கும் விஞ்ஞானிக்கா? அனுமதி அளிக்கும் சர்க்காருக்கா? அல்லது அப்பொருள் கலந்த ஜலத்தை நம்பி ஜீவிக்கும் மக்களுக்கா? இக்கேள்வி வெறும் தர்க்க விநோதத்திற்காக எழுந்ததன்று. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் ஒரு மீன் இனம் கூட்டங் கூட்டமாக மாண்டு எழுப்பிய கேள்வி அது.

வாஷிங்டன் ராஜ்யத்திலுள்ள ஸியாட்டில் நகரத்தின் வழியே லாங்பெல்லோ என்ற சிற்றோடை ஓடுகிறது. கோஹோ என்னும் சால்மன் மீன் நன்னீரில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் மீண்டும் ஓடைகளைத் தேடி வரும் இயல்புடையது. அந்நகரத்தார் கெட்டுப்போன ஓடைகளைச் செப்பனிட்டு, மீன்களுக்கு வழி திறந்து விட்டார்கள். மீன்களும் வந்தன. ஆனால் இலையுதிர் காலத்து மழை பெய்து, சாலை நீர் ஓடையில் கலந்ததும், வந்த மீன்கள் வாயைப் பிளந்து, நீர்மட்டத்தில் தடுமாறிச் சுழன்று, சில மணி நேரத்தில் மாண்டு மிதந்தன. வயிறு நிறைந்த முட்டைகளுடனேயே தாய் மீன்கள் இறந்தன. வந்தவற்றில் பாதிக்கு மேல் மடிந்த ஆண்டுகள் பல. இதில் விந்தை என்னவெனில், அதே நீரில் வாழ்ந்த சம் என்னும் மற்றொரு சால்மன் இனத்திற்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.

காரணம் என்ன? நீரின் உஷ்ணமா, பிராணவாயுக் குறைவா, தொற்று நோயா, பூச்சி மருந்தா, மோட்டார் எண்ணெயா, உலோகங்களா? விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். எதுவும் குற்றவாளியெனத் துலங்கவில்லை. சாலையில் வடியும் மழை நீரே கொல்லுகிறது என்பது மட்டும் உறுதியாயிற்று. அந்நீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண்ணின் வழியே வடித்து விட்டால் மீன்கள் பிழைத்தன என்பதை 2015-ஆம் ஆண்டளவில் பரிசோதனை மூலம் காட்டினார்கள். குற்றவாளியின் பெயர் தெரியுமுன்னே அவனைத் தடுத்து நிறுத்தும் வழி தெரிந்து விட்டது!

பெயர் தெரிந்தது 2020-ஆம் ஆண்டு இறுதியில். வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜென்யூ தியான், எட்வர்ட் கொலோஜே, வாஷிங்டன் ராஜ்ய சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெனிபர் மக்கின்டயர் முதலியோர் மோட்டார் டயர் தூளை நீரில் ஊற வைத்தனர். அந்நீரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ரஸாயனங்கள் இருந்தன. அதைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றிலும் மீன் குஞ்சுகளை விட்டுப் பார்த்தனர். மீன் பிழைத்தால் அந்தக் கூறு தள்ளுபடி. மாண்டால் அதையே மேலும் பிரிப்பது. இவ்வாறு சல்லடையிட்டுச் சலித்ததில் முடிவாக ஒரே ஒரு பொருள் எஞ்சி நின்றது. அதன் பெயர் ‘6-பிபிடி குவினோன்’.

இப்பொருளை எந்த ஆலையும் டயரில் சேர்க்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆலைகள் சேர்ப்பது ‘6-பிபிடி’ என்னும் காப்புப் பொருளை. காற்றிலுள்ள ஓஸோன் ரப்பரைத் தாக்கி வெடிக்கச் செய்யாதபடி, அது தானே முன்வந்து ஓஸோனுக்கு இரையாகிறது. அந்தத் தியாகத்தின் விளைவாகப் பிறப்பதே இந்த விஷம். டயர் தேயத் தேய அது தூளுடன் சாலையில் படிகிறது. மழை அதை ஓடைக்குக் கொண்டு சேர்க்கிறது.

விஷத்தின் கடுமையை எவ்வாறு அளப்பது? ஒரே வகை மீன்களைச் சில தொட்டிகளில் பிரித்து விட வேண்டும். ஒரு தொட்டியில் சுத்த நீர். மற்றவற்றில் படிப்படியாகக் கூடிய அளவில் ரஸாயனம். குறித்த நேரம் கழித்து எத்தொட்டியில் எத்தனை மீன்கள் மாண்டன என்று எண்ணி, பாதி மீன்களைக் கொல்லும் அளவு எதுவென்று கணக்கிட வேண்டும். சுத்த நீரிலிருந்த மீன்களும் மாண்டால் பரிசோதனையே செல்லாது. பெரும்பாலும் 96 மணி நேரம் இதற்கு வகுக்கப்பட்டிருக்கிறது. கோஹோ குஞ்சுகளுக்கோ 24 மணி நேரமே போதுமானதாயிருந்தது. சுத்தமான மாதிரிப் பொருள் கிடைத்த பின் 2022-இல் மீண்டும் அளந்தபோது, லிட்டருக்கு 95 நானோகிராம் என்று கண்டார்கள். அதாவது, ஒரு கிராம் விஷம் ஒரு கோடி லிட்டர் நீரைக் கோஹோவுக்கு மரண நீராக்கப் போதுமானது. பாதியைக் கொல்லும் அளவு என்றால், அதற்குக் கீழே எல்லாம் க்ஷேமம் என்று பொருளல்ல என்பதையும் மறக்கலாகாது.

இனித்தான் முக்கியமான பாடம் வருகிறது. 2021-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதே விஷத்தை வரிக்குதிரை மீன், மெடாக்கா மீன், தெள்ளுப்பூச்சி போன்ற நீர்ப் பிராணியாகிய டாப்னியா ஆகியவற்றிடம் பரீட்சித்தனர். நீரில் கரையக்கூடிய அளவு வரையில் சேர்த்தும் அவை மாளவில்லை. இம்மூன்றும் உலகெங்கும் பரிசோதனைச் சாலைகளில் வழக்கமாகப் பயன்படும் பிராணிகளே. இவற்றை மட்டும் கேட்டிருந்தால், “இப்பொருள் நிரபராதி” என்று தீர்ப்பாகியிருக்கும். தாய்ப் பொருளை மட்டும் சோதித்து, காற்றுப்பட்டு அது என்னவாக மாறுகிறது என்று பாராதிருந்தாலும் உண்மை வெளிப்பட்டிராது. ஆகவே, எதைச் சோதித்தார்கள், எந்தப் பிராணியிடம் சோதித்தார்கள், எத்தனை நேரம் சோதித்தார்கள் என்று கேளாமல், “சோதித்தாயிற்று, பயமில்லை” என்ற சொல்லை ஏற்பது பாமரத்தனமாகும்.

இவ்வளவையும் விஞ்ஞானம் கண்டுபிடித்தது. ஆனால் நியாயம் கேட்டவர்கள் யார்? அந்நிலத்தின் ஆதிக்குடிகள்! புயாலப் மக்கள் 1854-ஆம் ஆண்டிலும், போர்ட் காம்பிள் ஸ்க்லாலம் மக்களின் முன்னோர் 1855-ஆம் ஆண்டிலும் தங்கள் பரந்த நிலங்களை விட்டுக் கொடுத்து உடன்படிக்கை செய்து கொண்டபோது, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை விட்டுக் கொடுக்கவில்லை. அவ்வுரிமையைப் பிற்காலத்தில் காலில் போட்டு மிதித்தார்கள். போராட்டமும் சிறைவாசமும் கண்ட பிறகு, 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதிக்கு அம்மக்கள் உரியவர் என்று தீர்ப்பளித்தார். ஆனால் மீனே இல்லாத ஆற்றில் பாதிப் பங்கு எதற்கு? பூஜ்யத்தில் பாதியும் பூஜ்யந்தானே! ஆகவே, 2023 ஆகஸ்டில் இவ்விரு சமூகத்தாரும், கலிபோர்னியாவின் கிளாமத் நதிக்கரையில் வாழும் யூரோக் மக்களும் சேர்ந்து, டயரில் 6-பிபிடி உபயோகத்தைத் தடுக்க வேண்டுமென்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவுக்கு மனுச் செய்தனர். அவ்வாண்டு நவம்பரில் இலாகா மனுவை ஏற்றது. 2024 ஜூனில், லிட்டருக்கு 11 நானோகிராம் என்ற எச்சரிக்கை அளவையும் வெளியிட்டது.

டயர் வெடித்தால் மனித உயிருக்கு ஆபத்தல்லவா என்று ஆலைக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். காப்புப் பொருளை இன்றே எடுத்தெறி என்று யாரும் கூறவில்லை. மாற்றுப் பொருளைத் தேடுக. அதையும், அதிலிருந்து பிறக்கும் பொருள்களையும் கோஹோவிடம் கேட்ட பின் கொள்ளுக. அதுவரையில் சாலை நீரை மண்ணில் வடித்து விடுக என்றே கூறுகிறோம். முன்பின் பாராமல் மாற்றினால், ஒரு விஷத்துக்குப் பதில் மற்றொரு விஷம் வரும்.

இது தூர தேசத்துக் கதையென்று நாம் ஒதுக்குவதற்கில்லை. இக்காப்புப் பொருள் உலகெங்கும் டயர்களில் சேர்க்கப்படுவது; நம் சாலை நீரும் ஆற்றையும் ஏரியையுமே சேருகிறது. பரிசோதனைச் சாலைகளின் வரிக்குதிரை மீன் நம் பரத கண்டத்து நீர்நிலைகளுக்கே உரியது. அது பிழைத்ததென்று நமது விராலும் கெண்டையும் அயிரையும் பிழைக்குமென்று கொள்ள முடியுமா? ஒவ்வொன்றிடமும் தனித்தனியே கேட்டுத்தான் அறிய வேண்டும். அவ்வாறு கேட்கும்படி சர்க்காரையும் சர்வகலாசாலைகளையும் வற்புறுத்துவது, நீரை உண்டு வாழும் நம் ஒவ்வொருவரின் கடமை. மீனுக்கு வாக்கில்லை, மாண்டு மிதப்பது ஒன்றே அது கூறும் சாட்சியம். அதைப் படித்தறிந்து சபையில் உரைக்க வேண்டியவன் மனிதனே.